சைக்கிளில் போகிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு?

பொழுது புலர்வதற்கு வெகு நேரம் முன்பே மட்டாஞ்சேரிப் பகுதி விழித்துக் கொள்கிறது. சுள்ளிக்கல்லிலிருந்து தோப்பும்படிக்கும் கருவேலிப்படிக்கும் செல்லும் சாலைகளில் முதலில் புறப்படுகிறவை பஸ்கள் அல்ல, சைக்கிள்கள். பத்திரிகைக் கட்டைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒருவர் போகிறார். பால் பாக்கெட்டுகளைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு இன்னொருவர் வருகிறார். மீன்பிடித் துறைமுகத்துக்கு வேலைக்கு விரைகிறவர்கள் சிலர். சலவை மூட்டையுடன் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவுக்குப் போகும் தமிழர்கள் சிலர். அண்மைக் காலமாக இவர்களோடு புதிய கூட்டம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. உடல்நலம் கருதித் தலைக்கவசம் அணிந்து, விலையுயர்ந்த சைக்கிளில் பழைய துறைமுகப் பாலத்தைக் கடந்து வில்லிங்டன் தீவைச் சுற்றி வரும் படித்த இளைஞர்கள் அவர்கள்.

இவர்களுக்குள் வருமானத்திலும் வாழ்க்கையிலும் எவ்வளவோ வேறுபாடு உண்டு. ஆனால் எல்லோருக்கும் பொதுவான அச்சம் ஒன்று இருக்கிறது. குப்பை குவிந்த முனையில் சுருண்டு படுத்திருக்கும் ஐந்தாறு நாய்கள் சைக்கிள் சக்கரம் சுழலக் கண்டதும் எழுந்து துரத்தத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளின் அச்சம் அது. காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிக் கொள்ளலாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர் விசையைக் கூட்டலாம். சைக்கிளில் போகிறவருக்கோ கால்தான் எஞ்சின். நாய் கவ்வ வருவதும் அந்தக் காலைத்தான்.

இந்த அச்சத்திலிருந்து பிறந்த விவாதம் ஒன்று தேநீர்க் கடைகளில் அடிக்கடி கேட்கிறது. கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் என்ன என்பது இளையவர்களின் கேள்வி. "அண்ணே, கடி வாங்கிட்டு ஊசி போட்டுக்கறதைவிட, கடிக்க வர்றதைச் சுடறது மேல் இல்லையா?" என்று ஒருவர் கேட்டால், "தம்பி, நாயைச் சுட்டா நாய் போகும். குண்டு எங்கே போகும்?" என்று பெரியவர் ஒருவர் திருப்பிக் கேட்கிறார். விவாதம் அதோடு முடிவதில்லை. மறுநாள் வேறொருவர் கணுக்காலில் கட்டுடன் வந்து நின்றதும் மீண்டும் தொடங்குகிறது.

இதை வெறும் தேநீர்க் கடைப் பேச்சு என்று தள்ளிவிடுவதற்கில்லை. கேரளத்தில் இது ஏற்கெனவே வீதிக்கு வந்துவிட்ட பிரச்சினை.

காசர்கோட்டில் கண்ட காட்சி

2022 செப்டம்பரில் காசர்கோடு மாவட்டத்தின் பேக்கல் பகுதியில் ஒரு தந்தை காற்றுத் துப்பாக்கியைக் கையில் ஏந்தி முன்னே நடந்தார். மதரசாவுக்குப் போகும் குழந்தைகள் பலர் அவரைப் பின்தொடர்ந்தனர். தெருநாய்களிடமிருந்து பிள்ளைகளைக் காக்கவே இந்த ஏற்பாடு என்றார் அவர். அந்தக் காட்சிப் படம் நாடெங்கும் பரவியது. போலீசார் தாமாகவே முன்வந்து, கலகத்தைத் தூண்டும் செயல் என்ற பிரிவின் கீழ் அவர்மீது வழக்குப் பதிவு செய்தனர். பாதிப் பேர் அவரை வீரர் என்றனர். மீதிப் பேர் சட்டத்தைக் கையில் எடுத்தவர் என்றனர்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள அந்த மாதத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால் போதும். பத்தனம்திட்டா மாவட்டத்தில் பால் வாங்கப் போன 12 வயதுச் சிறுமியை ஆகஸ்டில் நாய் கடித்துக் குதறியது. மூன்று தவணை தடுப்பூசி போட்டும் பயனின்றிச் செப்டம்பர் முதல் வாரத்தில் அந்தக் குழந்தை இறந்தது. ஊசி போட்டால் பிழைத்துக் கொள்ளலாம் என்று நம்பியிருந்த பெற்றோர் அனைவருடைய நெஞ்சிலும் அச்செய்தி இடியாக இறங்கியது. 2025 ஏப்ரல், மே மாதங்களிலும் மலப்புரம், கொல்லம் மாவட்டங்களைச் சேர்ந்த இரு சிறுமிகள் தடுப்பூசி போட்ட பின்னும் உயிரிழந்தனர். 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் கேரளத்தில் நாய்க்கடிக்கு மருத்துவமனையை நாடியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு 3 லட்சத்தைத் தாண்டியது.

துப்பாக்கி என்ற எண்ணமும் 2022-ல் புதிதாகத் தோன்றியதல்ல. 2016-ல் பாலா நகரில் ஒரு கல்லூரியின் பழைய மாணவர் சங்கம், நாய்களைச் சுடச் சலுகை விலையில் காற்றுத் துப்பாக்கி தருவதாக அறிவித்துப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஆகவே, துப்பாக்கி வேண்டும் என்று சுள்ளிக்கல்லில் பேசுகிற சைக்கிள்காரரை முரடர் என்றோ ஈவிரக்கமற்றவர் என்றோ சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமல்ல. நள்ளிரவுக்குப் பின் எழுந்து உழைக்கிற மனிதன் ஊர் தன்னைக் கைவிட்டுவிட்டது என்று எண்ணும்போதுதான் ஆயுதத்தை நினைக்கிறான். அவன் நினைவு தவறாக இருக்கலாம். அவன் அச்சம் தவறல்ல.

பாரிசில் பிறந்த பழைய யோசனை

சைக்கிள்காரர் நாய்க்குப் பயந்து துப்பாக்கி தேடுவது இன்று நேற்று ஏற்பட்டதல்ல. சைக்கிள் பிறந்த வீட்டிலேயே இந்த யோசனையும் பிறந்தது. 1890-களில் பாரிசின் கலான் துப்பாக்கித் தொழிற்கூடம் ஒரு சிறிய ரிவால்வரைச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'வெலோ-டாக்'. சைக்கிளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையும் நாயைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துச் சூட்டிய பெயர் அது. சட்டைப் பையில் அடங்கும் அளவு. விரலால் இழுக்கும் விசை மடங்கிக் கொள்ளும். குண்டு 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமன். நாயைக் கொல்ல மனமில்லாத சைக்கிள்காரர்களுக்காக ஈயக் குண்டுக்குப் பதில் மிளகாய்ப் பொடி அடைத்த தோட்டாக்களும் விற்பனைக்கு வந்தன. பெல்ஜியத்திலும் ஸ்பெயினிலும் பலர் இதே மாதிரியைச் செய்து விற்றனர். அதே காலத்தில் அமெரிக்காவில் நாயின் முகத்தில் அம்மோனியா நீரைப் பீய்ச்சும் கைத்துப்பாக்கிகளும் கிடைத்தன.

அக்காலத்துச் சைக்கிள்காரரின் அச்சத்துக்கும் காரணம் இருந்தது. வெறிநாய்க்கடிக்கு மருந்து என்று ஒன்று உண்டு என்பதே அப்போதுதான் உலகுக்குத் தெரிந்திருந்தது. 1885 ஜூலை 6-ம் தேதிதான் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தம் தடுப்பூசியை முதன்முதலில் போடச் செய்தார்.

ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே காலம். இரண்டு விடைகள் பிறந்தன. ஒன்று சைக்கிள்காரரின் சட்டைப் பைக்குள் போன துப்பாக்கி. மற்றொன்று மருத்துவரின் கைக்கு வந்த ஊசி. எது நின்றது என்பதை வரலாறு சொல்கிறது. வெலோ-டாக் சில பத்தாண்டுகளில் மறைந்து பொருட்காட்சிச் சாலைக்குப் போய்விட்டது. பாஸ்டரின் வழியோ உலகெங்கும் பரவியது. நம் நீலகிரிக் குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிலையம் தோன்றியதும் அந்த வழியில்தான். பிரான்சு நாட்டில் நாய்க்குப் பின் வெறிநோயைப் பரப்பி வந்த நரிகளைக்கூடத் துப்பாக்கியால் ஒழிக்க முடியவில்லை. காட்டில் தடுப்பு மருந்து கலந்த இரையைத் தூவித்தான் அந்நோயை வென்றார்கள். 2001-ல் அந்நாடு நரிவழி வெறிநோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

துப்பாக்கி தாராளமாகப் புழங்கும் அமெரிக்காவிலும் சைக்கிள்காரர்களிடையே இந்த விவாதம் ஓய்ந்தபாடில்லை. அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனி அனுமதி இன்றியே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். நாய்க்கும் வழிப்பறிக்கும் மோதவரும் கார் ஓட்டிக்கும் பயந்து சிலர் எடுத்துச் செல்கிறார்கள். சைக்கிளிலிருந்து விழுந்தால் முதலில் வெடிப்பது எது என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். எல்லா உரிமையும் உள்ள நாட்டிலேயே தீராத வழக்கு, மட்டாஞ்சேரிச் சந்துகளில் எப்படித் தீரும்?

சட்டம் சொல்வது என்ன?

துப்பாக்கி வைத்திருக்க 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2019-ல் செய்த திருத்தத்தின்படி உரிமம் உள்ளவரும் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பத்திரிகை போடுகிறவருக்கும் சலவைத் தொழிலாளிக்கும் நாய்க்குப் பயந்து உரிமம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆகவே பேச்செல்லாம் காற்றுத் துப்பாக்கியைப் பற்றித்தான். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூல் விசை, 0.177 அங்குலத் துளை என்ற வரம்புக்குள் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. சில ஆயிரம் ரூபாயில் வாங்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். வாங்க உரிமம் வேண்டாம் என்றால், தெருவில் ஏந்திச் செல்லவும் சுடவும் தடையில்லை என்று பொருளல்ல. காசர்கோட்டுத் தந்தை வைத்திருந்ததும் காற்றுத் துப்பாக்கிதான், வழக்கு வந்தது. நாயைச் சுட்டுக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 325-வது பிரிவு இருக்கிறது. அப்பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். பாய்ந்து கடிக்க வரும் நாயை அந்த நொடியில் கையில் கிடைத்த கம்பால் அடித்து விரட்டுகிறவரை யாரும் குற்றவாளி ஆக்குவதில்லை. ஆனால் நாயைச் சுடுவதென்றே ஆயுதத்துடன் புறப்படுகிறவரின் நிலை வேறு.

'காட்டுப்பன்றியைச் சுடலாம், நாயைச் சுடக்கூடாதா?' என்று ஒரு வாதம் கேட்கிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-ல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது உண்மை. ஆனால் அங்கும் சுடுகிறவர் வழியில் போகும் எவரோ அல்லர். உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரை உள்ளாட்சி நியமிக்கிறது. உத்தரவு எழுத்தில் இருக்கிறது. நடக்கும் இடம் வயலும் தோட்டமும். அவ்வழியைக் காட்டி, வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கும் சுள்ளிக்கல் சந்தில் அவரவர் சுடலாம் என்பது பொருந்தாது.

குண்டு நாயைத் தடுக்குமா?

சட்டத்தை ஒரு புறம் வைத்துவிட்டு, பயனை மட்டும் பார்த்தாலும் கணக்கு சரிவரவில்லை.

ஓடுகிற சைக்கிளில் இருந்துகொண்டு, ஓடிவருகிற நாயை, அரையிருட்டில், ஒரு கையால் குறிபார்த்துச் சுடவேண்டும். பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கே இது எளிதல்ல. காற்றுத் துப்பாக்கியில் ஒரு குண்டு போனால் பெரும்பாலானவற்றில் அடுத்ததை மீண்டும் திணிக்க வேண்டும். கூட்டமாக வரும் நாய்கள் அதுவரை காத்திருப்பதில்லை. பட்ட குண்டும் நாயை வீழ்த்துவதில்லை, புண்ணாக்குகிறது. புண்பட்ட நாய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பும். தவறிய குண்டோ சுவரில் பட்டுத் தெறிக்கும். திண்ணையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும் குழந்தையின் கண் அதன் வழியில் இருக்கலாம். அந்தச் சிறு குண்டு கண்ணிலோ நெஞ்சிலோ பட்டால் மனித உயிரையே பறிக்க வல்லது.

இன்னொன்று பலரும் எண்ணிப் பாராதது. கடித்த நாய் உயிரோடிருப்பது கடிபட்டவருக்கு நன்மை. நாய்க்கு வெறிநோய் இருந்து, கடிக்கும் வேளையில் அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால், பத்து நாட்களுக்குள் அது நோய் முற்றி இறந்துவிடும். பத்து நாளும் நாய் நலமாக இருந்தால் அதன் கடியால் வெறிநோய் வரவில்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லலாம். ஊசியைத் தொடங்காமல் காத்திருக்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். ஊசியை அன்றே தொடங்கியாக வேண்டும். ஆனால் நாய் கண்முன் இருந்தால் குடும்பத்தின் மனக்கலக்கம் பத்து நாளில் தீரும். அதைச் சுட்டு ஓடையில் எறிந்துவிட்டால் அந்தச் சாட்சியமும் போய்விடும்.

சுடுவதால் தெருவிலுள்ள நாய்களும் குறைவதில்லை. ஒரு தெருவில் நாய் இருப்பது அங்கே இரை இருப்பதால். நான்கு நாய்களைக் கொன்றால் அடுத்த தெருவின் நான்கு நாய்கள் அந்தக் குப்பைக்கு வந்து சேரும். வருகிற நாய்களுக்கு ஊசி போட்டிருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது.

தமிழர் நினைக்க வேண்டியது

கொச்சித் தமிழர்கள் இந்த விவாதத்தில் தனியே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சலவைத் தொழிலுக்கென்று டச்சுக்காரர், ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் ஃபோர்ட் கொச்சியின் 'வெளி'ப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 1976-ல் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் கட்டிக்கொடுத்த தோபிகானா அவர்களுடைய உழைப்பின் அடையாளம். அதற்குப் பின் வந்து கடைகளிலும் சுமைப்பணியிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள் வேறு. இத்தனை தலைமுறை ஆகியும், தெருவில் ஏதாவது நடந்துவிட்டால் 'அவன் எந்த ஊர்க்காரன்?' என்ற கேள்வி முதலில் எழுவதை மறைப்பதற்கில்லை. வட நாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்களின் நிலை இன்னும் மோசம்.

இருட்டு வேளையில் சைக்கிளில், மூட்டையோடு, துப்பாக்கியும் வைத்திருக்கும் ஒருவரைக் கண்டால் காவலர் என்ன நினைப்பார்? அது காற்றுத் துப்பாக்கியா வேறா என்று தொலைவிலிருந்து யார் பார்த்துச் சொல்வது? நாய்க்காகத்தான் என்று சொன்னால் மொழி அறிந்த உள்ளூர்க்காரரை நம்புகிற அதே வேகத்தில் இவரையும் நம்புவார்களா? தூக்கிச் செல்லும் துப்பாக்கி நாயிடமிருந்து காப்பாற்றுவது சந்தேகம். வழக்கில் மாட்டிவிடுவது உறுதி. வழக்கு நடத்தும் வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தில் குடும்பத்துக்கு ஓராண்டு அரிசி வாங்கலாம்.

'வேண்டாம்' என்றால் மட்டும் போதுமா?

இவ்வளவும் சொன்ன பிறகு, துப்பாக்கி வேண்டாம் என்கிற கட்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காலை ஆறரை மணிக்கு நாலைந்து நண்பர்களுடன் கூட்டமாகப் போகும் உடற்பயிற்சிக்காரருக்கு நாய் ஒரு தொந்தரவு. அந்த வழியில் நாய் மிகுந்தால் வேறு வழியில் போகலாம், மழை என்றால் வீட்டில் இருக்கலாம். காலை மூன்றரை மணிக்குத் தனியாக வீடு வீடாகச் சந்துக்குள் நுழையும் பத்திரிகைக்காரருக்கு அது பிழைப்பின் பகுதி. அவர் எந்த வீட்டையும் விட்டுவிட முடியாது. எனவே முன்னவர் பின்னவருக்கு அகிம்சை போதிப்பது அழகல்ல. ஆயுதத்தைக் கீழே போடு என்கிறவர்கள், ஆயுதம் தேவைப்படாத தெருவைக் கேட்டு வாங்கவும் முன்வர வேண்டும்.

அந்தத் தெரு எப்படி வரும்? வழி தெரியாமல் இல்லை. தெருநாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக அனுபவம். கோவாவில் அதைச் செய்து காட்டினார்கள். நாய் நாயாகப் பிடித்து ஊசி போட்டு, பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லி, 2021-ல் அம்மாநிலத்தை வெறிநோய் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். கேரளத்துக்கு அது எட்டாத உயரம் அல்ல.

ஆனால் கேரளத்தில் கருத்தடைப் பணிக்கு நேர்ந்தது வேறு. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் பல மாவட்டங்களில் நாய்களுக்குக் கருத்தடை செய்து வந்தன. விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்பதால் 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. விதியைக் காப்பது நீதிமன்றத்தின் கடமை. நின்றுபோன பணியை வேறு கையால் உடனே தொடர்வது அரசின் கடமை. இரண்டாவது கடமை தடுமாறிய காலத்தில்தான் 2022-ன் துயரங்கள் வந்தன. கொச்சி மாநகராட்சியின் கருத்தடை நிலையம் பிரம்மபுரத்தில் இருக்கிறது. பிரம்மபுரம் என்றதும் மக்களுக்கு நினைவுக்கு வருவது 2023 மார்ச்சில் பற்றிப் பல நாள் எரிந்து நகரையே புகையில் மூழ்கடித்த குப்பைமேடு. இரண்டும் ஒரே ஊரில் இருப்பது தற்செயல்தான். ஆனால் பாடம் பொருத்தமானது: குப்பையை ஆளத் தெரியாத நகரம் நாயையும் ஆள முடியாது. மீன் கழிவும் இறைச்சிக் கழிவும் தெருமுனையில் கிடக்கும்வரை நாய் அங்கே இருக்கத்தான் செய்யும்.

உச்ச நீதிமன்றமும் இவ்விஷயத்தில் பலமுறை தலையிட்டிருக்கிறது. கேரளத்தில் நாய்க்கடி இழப்பீட்டு மனுக்களை ஆராய 2016-ல் நீதிபதி சிரி ஜகன் குழு அமைந்தது அதன் ஆணையால்தான். 2025 ஆகஸ்டு 11-ம் தேதி டில்லிப் பகுதித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உத்தரவு நாடெங்கும் பரபரப்பை ஊட்டியது. அதே மாதம் 22-ம் தேதி மூவர் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது. உணவிடத் தனி இடங்கள் வேண்டும் என்றது. நவம்பர் 7-ம் தேதி, பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி மீண்டும் அங்கே விடாதிருக்கவும் ஆணையிட்டது. டில்லியில் எழுதிய ஆணை சுள்ளிக்கல் சந்துக்கு வந்து சேர வேண்டுமானால், வார்டு கவுன்சிலரிடம் போய்க் கேட்க நூறு பேராவது வேண்டும். அந்த நூறு பேர் சைக்கிள்காரர்களாக இருக்கலாம்.

கேட்க வேண்டியவை

துப்பாக்கிக்குப் பதிலாக அவர்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. மேற்குக் கொச்சியின் அரசு மருத்துவமனைகளில் இரவு பகல் எந்நேரமும் தடுப்பூசி கிடைக்க வேண்டும். ஆழமான காயத்துக்கு ஊசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்புச் சீரமும் வேண்டும். அது எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதை வாசலில் பலகையில் எழுதிப் போட வேண்டும். கடிபட்டவர் இரத்தம் சொட்டச் சொட்ட ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையும் நிலை கூடாது.

நாய் பிடிக்கிறவர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் முன்கூட்டியே தடுப்பூசி போடுவது வழக்கம். விடியலுக்கு முன் தெருவில் உழைக்கிற பத்திரிகைக்காரர், பால்காரர், துப்புரவுத் தொழிலாளி ஆகியோருக்கும் அதை இலவசமாகப் போடலாம். முன்கூட்டி ஊசி போட்டவருக்குக் கடிபட்ட பின் தேவைப்படும் ஊசிகள் குறைவு, சீரமும் தேவைப்படாது. செலவோ, காற்றுத் துப்பாக்கியின் விலையைவிடக் குறைவு. இந்தப் பொறுப்பில் அரசுக்கு மட்டுமல்ல, அவர்களை வேலைக்கு அனுப்புகிற ஏஜெண்டுகளுக்கும் கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

சைக்கிள்காரர் தாமே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டுவது இயல்பு. ஆனால் ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உடம்புக்கும் நடுவே வேலி போல நிறுத்தி, உரத்த குரலில் அதட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்தால் பெரும்பாலான நாய்கள் பின்வாங்கும். பின்னிருக்கையில் ஒரு கம்பு, கைக்கெட்டும் இடத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டி, நல்ல விளக்கு, கணுக்கால் வரை மூடிய கால்சட்டை ஆகியவை எளிய காப்புகள். கடித்துவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாயும் வைக்காமல், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். அந்தக் கால் மணி நேரக் கழுவலே கிருமியின் பெரும்பகுதியை அகற்றிவிடும். பிறகு தாமதமின்றி ஊசி. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயப்படுகிற முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பழைய மருந்தை 2004-ம் ஆண்டோடு நாடு கைவிட்டுவிட்டது. இப்போது போடுவது கையில், சில தவணைகள் மட்டுமே. அவற்றில் ஒன்றைக்கூட விடக்கூடாது.

மட்டாஞ்சேரிக்குத் துப்பாக்கி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1953 செப்டம்பர் 15-ம் தேதி, துறைமுகத்தில் வேலைக்காக வில்லைகளை வீசியெறிந்து தொழிலாளரை அடித்துக்கொள்ள வைத்த 'சாப்பா' முறையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது இங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. உழைப்பாளிகள் உயிரிழந்தனர். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. அவர்கள் சேர்ந்து நின்றார்கள்; சாப்பா முறை பின்னர் ஒழிந்தது. அதே வீதிகளில் இன்று விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் அவர்களுடைய பேரப்பிள்ளைகளாக இருக்கலாம், அல்லது வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்களாக இருக்கலாம். தனித்தனியே ஆளுக்கொரு துப்பாக்கி வாங்கும் பணத்தையும் கோபத்தையும் ஒன்று சேர்த்து, குப்பை அள்ளப்பட்ட தெருவையும் ஊசி போட்ட நாயையும் மருந்து உள்ள மருத்துவமனையையும் அவர்கள் கேட்டு வாங்குவார்களானால், தேநீர்க் கடையில் அந்த விவாதத்துக்கு வேலை இருக்காது.